பாஸான காற்றாடி

விஜயராணி தன் வேலையைப் பற்றிச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். மலாக்காவில் ஏது நிலநடுக்கம்? சுமத்ராவில் பெரிதாக ஆடினால் இங்கே மாடிக் கட்டடங்களில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தலை சுற்றும், அவ்வளவுதான். ஆனால் பத்து பெரண்டாம் பகுதித் தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்தில் தினமும் நிலநடுக்கம் வரும். ஓர் அறை அகலத்துக்கு இரும்பு மேடை ஒன்று அங்கே இருக்கிறது. இயந்திரத்தை அதன்மேல் முடுக்கிவிட்டு, ஜப்பானோ பிலிப்பீன்ஸோ எந்த ஊர்ப் பூகம்பம் வேண்டுமோ அதைக் கணினியில் தட்டினால், மேடை அப்படியே குதிக்கும். ஆடி முடித்த பிறகும் இயந்திரம் ஓடினால் பாஸ். அந்த மேடையைக் கல்யாணமான புதிதிலிருந்து ஆட்டிக்கொண்டிருப்பவள் விஜயராணி.

வெளியே இருப்பவர்களுக்குப் புரியாத ஒரு விஷயம் அந்தத் தொழிலில் உண்டு. பாஸ் என்றால், அதே மாதிரி செய்து விற்கப்போகும் மற்றவை தாங்கும் என்று அர்த்தம். மேடையில் ஆடிய பொருள் தன் ஆயுளை அங்கேயே செலவழித்துவிட்டது. இரும்பு உள்ளுக்குள் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் சோதனை முடிந்ததும் பொருளின் மேல் சிவப்பு வண்ணத்தில் பட்டை அடித்து, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். உடைத்துப் பழைய இரும்பில் போடுவது அவர் பொறுப்பு. உடைக்கிறாரா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

விமலனின் காற்றாடி அங்கே வந்தது பள்ளி விடுமுறை சமயத்தில். மண்டபங்களுக்கும் கிடங்குகளுக்கும் மாட்டுகிற ராட்சதக் காற்றாடி அது, ஒவ்வொரு இறக்கையும் ஒரு கார் நீளம். விமலன் பக்கத்திலேயே தொழிற்சாலை வைத்திருக்கிறார், விஜயராணி குடும்பம் போகும் மாரியம்மன் கோயிலுக்குப் பெரிய புரவலரும் அவர்தான். காற்றாடியை இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டு எல்லாப் பூகம்பங்களையும் கொடுத்தாள். பிறகு மணிக்கணக்கில் அதிர்வு கொடுத்தாள். எந்தப் பொருளுக்கும் தட்டினால் தானாக நடுங்குகிற ஒரு வேகம் இருக்கும். அதைச் சோதனைக்கு முன்னும் பின்னும் அளப்பார்கள். இறங்கியிருந்தால் எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது. இந்தக் காற்றாடிக்கு இறங்கியிருந்தது. அனுமதித்த அளவுக்குள் இருந்ததால் பாஸ் போட்டார்கள். சிவப்புப் பட்டையை அதன் கழுத்தில், கூரையோடு மாட்டும் தடித்த குழாயில், விஜயராணியே அடித்தாள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருமை விடவில்லை. விமலனின் காற்றாடி ஜப்பான் பூகம்பத்தையே தாங்கிவிட்டது என்றாள், இனி அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றும் சொன்னாள். அவள் கணவன் காந்தன் கோயில் கமிட்டிச் செயலாளர். பிந்தியதுதான் அவன் காதில் விழுந்தது.

"அம்மாம் பெரிய காத்தாடியவா தூக்கிப் போடுவாங்க?" என்று கேட்டான்.

"ஆமா, அதான் ரூல்ஸ்."

காந்தன் ரசம் ஊற்றச் சொன்னான்.

கோயில் மண்டபத்தில் புதுக் காற்றாடி திறப்பு விழா என்று வாட்சாப்பில் வந்தபோதுகூட அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. விமலன் புதிதாக ஒன்று கொடுக்கிறார் என்றுதான் நினைத்தாள். விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். நாதஸ்வரம் வாசித்தார்கள், ஐயர் பூசை போட்டார், விமலன் சுவிட்சைத் தட்டினார். இறக்கைகள் மெல்ல எழுந்து சுற்ற, வெக்கையில் புழுங்கிக்கொண்டிருந்த ஜனம் ஆகா என்றது. எல்லோரையும் போல விஜயராணியும் அண்ணாந்து பார்த்தாள். கழுத்துக் குழாயில் மஞ்சள் பெயின்ட் புதிதாக அடித்து, அதன்மேல் 'உபயம்: அமரர்' என்று தொடங்கி விமலனுடைய அப்பாவின் பெயர் எழுதியிருந்தது. மஞ்சளுக்கு அடியில், பூச்சு மெலிந்த ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு.

வேறு யார் பார்த்திருந்தாலும் குங்குமம் என்று நினைத்திருப்பார்கள். அவள் அடித்த பட்டை அவளுக்குத் தெரியாதா?

அவள் பார்த்தது இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சுவரில் இருந்த இரண்டு சின்னக் காற்றாடிகளைக் காணவில்லை. அவை விஜயராணி தன் அம்மா பெத்தம்மாள் நினைவாகக் கொடுத்தவை, அம்மாவின் பெயர் போட்டவை. பெரிசு வந்ததும் சிறிசு எதற்கு என்று கழற்றிச் சாமான் அறையில் போட்டிருந்தார்கள். ஸ்குருவைத் திருகிக் கழற்றியவன் காந்தன். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் பொய்.

வீட்டுக்கு வந்து புடவையை மாற்றாமலே கேட்டாள்.

"அது டெஸ்ட் பண்ணின காத்தாடிங்க. அத எப்படி மாட்டுனீங்க?"

"நாந்தான் விமலன் அண்ணன்கிட்ட கேட்டேன். சும்மா போறது சாமிக்காச்சும் ஆவட்டுமேன்னு. அவரும் சரின்னுட்டாரு."

"ஒடைக்க வேண்டிய சாமானுங்க அது. கழுத்துல எங்கயோ விட்டிருக்கு. தலைக்கு மேல சுத்துது. விழுந்தா என்ன ஆவும்?"

"பாஸுன்னு நீதானே சொன்ன? இப்ப விழும்கிற. ஒன் வாயில எது உண்மைன்னு மொதல்ல முடிவு பண்ணு லா." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ராணி, நம்ம ஷாமினி கல்யாணத்துக்கு மண்டபத்த கமிட்டி நமக்கு முன்னாலயே ஒதுக்கி வச்சிருக்கு. விமலன் அண்ணன் பெரிய மனசு பண்ணி எல்லாத்துக்கும் நிக்கிறாரு. நீ எதையாச்சும் பேசி என் மானத்த வாங்கிடாத."

மறுநாள் அவள் மேனேஜர் சிற்றம்பலத்திடம் போனாள். சிற்றம்பலம் யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே உத்தியோகம். அளந்து பேசுகிறவர், அளந்து சிரிக்கிறவர். கம்பெனியின் பெயரில் கோயிலுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், ஆடிய பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி போதும் என்று கேட்டாள்.

"விஜயராணி, நீர் சொல்லுறது சரிதான். நானெண்டால் அதுக்குக் கீழ இருக்கமாட்டன்" என்றார் அவர். "ஆனா எங்கட றிப்போட்டில பாஸ் எண்டுதான் இருக்கு. விமலன் எங்கட கஸ்டமர். திருப்பிக் குடுத்தாச்சு, சைன் வாங்கியாச்சு. அதுக்குப் பிறகு நடக்கிறது எங்கட வேலையில்லை."

"நீங்க கீழ உக்கார மாட்டீங்க, ஊரு உக்காரலாமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும் அடுத்த வாரம் சோதனைக்கு வரப்போகும் பம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் உலகத்தில் பாதிக் காரியம் கெட்டுப்போகிறது.

வேறு வழியில்லாமல் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனாள். செயலாளரின் மனைவி எழுந்து பேசுகிறாள் என்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காந்தன் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விமலனும் வந்திருந்தார். அவள் மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணே, உங்க காத்தாடிய நான் குத்தம் சொல்லல. நல்ல காத்தாடி. புதுசு ஒண்ணு மாட்டுங்க, அதுக்குக் கீழ நானே பாய் போட்டுப் படுக்கிறேன். இது வேணாம். இது மேடையில ஆடி ஓஞ்சது."

"பாஸான சாமானத்த ஏம்மா வேணாங்கிற?" என்றார் தலைவர் வீரப்பன். அவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்.

"மாமா, ஒரு கம்பிய இப்படியும் அப்படியும் வளைச்சிக்கிட்டே இருக்கோம். ஒடையல. அதுக்காக, ஆகா நல்ல கம்பின்னு அதே கம்பியில புள்ளைக்குத் தொட்டில் கட்டுவீங்களா? வேற கம்பி எடுப்பீங்கதானே?"

வீரப்பன் மோவாயைத் தடவினார். இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். அந்த ஒரு நிமிஷம் விஜயராணி ஜெயித்துவிட்டாள்.

"கூடவே சேஃப்டி கேபிள் போட்டிருக்கு சிஸ்டர், கழுத்து விட்டாலும் அது தாங்கும்" என்றார் விமலன். குரலில் கோபமே இல்லை.

"அந்தக் கேபிளும் சேர்ந்துதானே அண்ணே ஆடுச்சு?"

அப்போதுதான் மாதர் பிரிவுத் தலைவி அன்னம்மா தொண்டையைச் செருமினாள். "நான் ஒண்ணு கேக்கறேன், ராணி தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒங்கம்மா பேரு போட்ட காத்தாடி செவுத்துல இருந்த வரைக்கும் நீ இந்த மண்டபத்தப் பத்தி ஒரு வார்த்த பேசுனது கெடையாது. அத கழட்டுன பொறவு இது விழும், அது விழும்கிற. நாங்க என்னா நெனைக்கிறது?"

கூட்டத்தில் ஒரு சின்ன அசைவு. இதுதானா விஷயம் என்கிற நிம்மதி. கம்பி, கழுத்து, அதிர்வு என்று புரியாததை எல்லாம் யோசித்துத் தலையைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. பொறாமை எல்லோருக்கும் புரியும்.

விஜயராணி அது வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தாள். சாமான் அறையில் குப்புறக் கிடந்த அம்மாவின் பெயர் கண்முன் வந்தது. கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரே அன்னம்மாவுக்குச் சாட்சியாகிவிட்டது.

விமலன் பெருந்தன்மையான மனிதர். பெருந்தன்மை அவருக்கு நன்றாகப் பொருந்தும், கழுத்துச் சங்கிலி மாதிரி. "சிஸ்டருக்கு டவுட்டுன்னா எறக்கிப் பாத்துடுவோம்" என்றார். அந்த வார இறுதியில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு காற்றாடியை இறக்கினார்கள். அவருடைய தொழிற்சாலை ஆள் கழுத்துக் குழாயில் டார்ச் அடித்துப் பார்த்தான், சுத்தியலால் தட்டிப் பார்த்தான், துணியால் துடைத்துப் பார்த்தான். வெல்டிங் நன்றாக இருந்தது. கீறல் ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, அதற்கு வேறு கருவி வேண்டும் என்று விஜயராணி சொன்னாள். யாரோ சிரித்தார்கள்.

"கண்ணுக்குத் தெரியாததெல்லாம் ராணிக்குத் தெரியுது" என்றாள் அன்னம்மா.

காற்றாடி திரும்ப மேலே போனது. கூடவே, இவ்வளவு பேச்சு பேசியாகிவிட்டதே, கண்ணூறு பட்டிருக்கும், பூசணிக்காய் சுற்றி உடைத்துவிடலாம் என்று அன்னம்மா சொன்னாள். யார் கண் என்று யாரும் சொல்லவில்லை. பசாருக்குப் போய்ப் பூசணிக்காய் வாங்கி வந்தவன் காந்தன். அதைக் காற்றாடிக்குச் சுற்றி, வாசலில் போட்டு உடைத்ததும் அவன்தான். சிதறின துண்டுகளில் குங்குமம் வழிந்தது. விஜயராணி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அதற்குப் பிறகு கோயிலில் அவள் போனால் பேச்சு நிற்கும். சின்னப் பிள்ளைகள்கூட அவளைக் கண்டால் காற்றாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். வீட்டில் காந்தன் உப்புக்கும் புளிக்கும் மட்டும் பேசினான். மகள் கல்யாணத்தை வேறு மண்டபத்தில் வைக்கலாம் என்று அவள் கேட்டபோது, சம்பந்தி வீட்டுக்கு என்ன காரணம் சொல்வது, என் பெண்டாட்டி கண் வைத்த மண்டபம் என்றா சொல்வது என்று கேட்டான். கடைசியாக ஷாமினியிடமே பேசிப் பார்த்தாள். ஷாமினி வங்கியில் வேலை செய்கிறாள், அம்மா மேல் உயிர்.

"அம்மா, நீங்க சொல்றத நான் நம்பறேன்" என்றாள் அவள். "ஆனா ஒருநாள்தானம்மா. பிளீஸ் லா. அந்த ஒருநாள் மட்டும் மேல பாக்காம என்னைப் பாருங்க."

பார்க்கிறேன் என்று விஜயராணி சொன்னாள்.

கல்யாணத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை தினேஷ்வரனுடைய சொந்தக்காரர்கள் கோலா சுங்கை பாருவிலிருந்து ஒரு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ஓமப்புகை கலையும் என்று மணவறையைக் காற்றாடியிலிருந்து தள்ளி மேடையில்தான் போட்டிருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கீழே முன்வரிசையில், காற்றாடிக்கு நேர் அடியில், பெரிய மனிதர்களுக்கான நாற்காலிகள். நடு நாற்காலியில் விமலன். வெயில் ஏற ஏற யாரோ காற்றாடியின் வேகத்தைக் கூட்டினார்கள். தாலி ஏறும்போது விஜயராணி மகளைத்தான் பார்த்தாள். அழுதாள், அட்சதை போட்டாள், எல்லாத் தாய்மார்களையும் போல இருந்தாள். அதுவரை வாக்குத் தவறவில்லை.

பிறகு பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்க மணமக்களை மேடையிலிருந்து இறக்கினார்கள். மாப்பிள்ளையின் தாய் தகப்பன், வீரப்பன் மாமா, அன்னம்மா என்று ஒவ்வொருவராகக் கும்பிட்டு முடித்ததும், காந்தன் மணமக்களை விமலனிடம் கூட்டிக்கொண்டு போனான். "விழுந்து கும்புடுங்க, விமலன் அண்ணன் நமக்குச் சாமி மாதிரி" என்று அவன் சொன்னது மேடையில் நின்ற அவளுக்குக் கேட்டது. ஷாமினியும் மாப்பிள்ளையும் அவர் காலில் விழுந்தார்கள். விமலன் கையில் அட்சதையோடு படம் பிடிக்கிறவனைப் பார்த்துச் சிரித்தார்.

விஜயராணி மேலே பார்த்தாள். உச்ச வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மஞ்சள் கழுத்து நடுங்குகிற மாதிரி இருந்தது. நிஜமாகவே நடுங்கியதா, அவள் கண்ணுக்கு அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. இத்தனை காலம் எதையெதையோ மேடையில் ஆட்டிப் பார்த்தவளுக்கு அதைக்கூடத் தெரிந்துகொள்ள முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அவள் மனம் பயப்படவில்லை. விழு என்றது. இப்போதே விழு, இவர்கள் எல்லோரும் பார்க்கட்டும், அன்னம்மா பார்க்கட்டும், பூசணிக்காய் வாங்கி வந்தவன் பார்க்கட்டும் என்றது. கீழே குனிந்திருப்பது யார் என்பது மனதுக்கு வரவே இல்லை.

காற்றாடி விழவில்லை. மணமக்கள் எழுந்தார்கள். எழுந்த ஷாமினி முதலில் அம்மாவைத்தான் தேடினாள், அம்மாவின் முகம் இன்னும் மேலே திரும்பியிருந்ததைப் பார்த்தாள்.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, புடவை மாற்ற மணமகள் அறைக்குள் போன ஷாமினி உதவிக்கு வந்த தோழிகளை வெளியே அனுப்பினாள். அம்மாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். விஜயராணி அவள் தலையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். இரண்டு பேரும் கண்ணாடியில் தெரிந்தார்கள்.

"மேல பாத்துட்டீங்கம்மா."

"பயம்டா. நீ கீழ இருந்த."

"பயந்த மொகம் எனக்குத் தெரியாதா? சின்னதுல நான் காய்ச்சல்ல கெடந்தப்ப பாத்திருக்கேன். இன்னைக்கு அந்த மொகம் இல்ல." ஷாமினி கண்ணாடியிலேயே அவளைப் பார்த்துக் கேட்டாள். "அது விழலன்னு உங்களுக்கு ஏமாத்தமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எந்தத் தாயாக இருந்தாலும் கேள்வி முடிவதற்குள் சொல்லியிருப்பாள், கேட்டதற்காகக் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பாள். விஜயராணியும் சொன்னாள். அடித்துச் சொன்னாள், பெற்ற வயிற்றின் மேல் சத்தியம் செய்தும் சொன்னாள். ஆனால் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தாமதித்துவிட்டாள்.

ஷாமினி தலையை அசைத்தாள். மீதி ஊசிகளைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னாள்.